கைசரைக் கையாளத் தெரிந்தவர்கள்: 1908 டெய்லி டெலிகிராப் விவகாரம் - ஒரு நிகழ்வு ஆய்வு

1908 அக்டோபர் 28 அன்று லண்டனின் டெய்லி டெலிகிராப் நாளிதழில் ஜெர்மன் பேரரசர், அதாவது கைசர், இரண்டாம் வில்ஹெல்மின் பேட்டி ஒன்று வெளிவந்தது. பேட்டி என்று பெயர்தான். முந்தைய ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் ஹைக்ளிஃப் மாளிகையில் ஓய்வுக்குத் தங்கியிருந்த கைசர், வீட்டுக்காரரான கர்னல் ஸ்டூவர்ட்-வோர்ட்லியிடம் மனம்போன போக்கில் பேசியவற்றைத் தொகுத்து எழுதிய கட்டுரை அது. நோக்கம் என்னவோ நல்ல நோக்கம். கடற்படைப் போட்டியால் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஊறிப்போன கசப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கர்னல் நினைத்தார், கைசரும் நினைத்தார்.

கட்டுரைக்குள் இருந்த சரக்கு வேறு. இங்கிலாந்துக்காரர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்களே என்று கைசர் அதில் பொரிகிறார். என் மக்களில் பெரும்பாலோருக்கு உங்களைப் பிடிக்காது, ஆனால் நான் உங்கள் நண்பன் என்கிறார். தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போரின்போது பிரான்சும் ரஷ்யாவும் சேர்ந்து பிரிட்டனைப் பணியவைக்கலாம் என்று கூப்பிட்டார்கள், நான்தான் மறுத்தேன் என்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்தப் போரில் ஜெயிப்பது எப்படி என்று தானே ஒரு திட்டம் வகுத்துப் பாட்டி விக்டோரியா மகாராணிக்கு அனுப்பியதாகவும், பிற்பாடு பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் பிரபு கடைப்பிடித்த திட்டம் ஏறக்குறைய அதேபோல் இருந்ததாகவும் சொல்கிறார். ஜெர்மன் கடற்படை எதற்கு என்றால், நாளைக்குப் பசிபிக்கில் தேவைப்படலாம் என்று ஜப்பானை நோக்கிக் கைகாட்டுகிறார்.

ஒரே கட்டுரையில் இவ்வளவு பேரைப் பகைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. பிரிட்டிஷார் சிரித்தார்கள், எரிச்சலும் பட்டார்கள். பிரான்சும் ரஷ்யாவும் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகக் கொதித்தன. ஜப்பானுக்குச் சந்தேகம் முளைத்தது. எல்லோரையும்விடக் கோபப்பட்டவர்கள் ஜெர்மானியர்கள்தான். போயர்களுக்காக அவர்கள் உருகிக்கொண்டிருந்த நாட்களில் தங்கள் பேரரசர் எதிரணிக்குப் போர்த்திட்டம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை ஓர் அந்நியப் பத்திரிகை மூலம் தெரிந்துகொண்டார்கள்.

அரசியலில் சுயமோகம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க எத்தனையோ கொடுங்கோலர்கள் இருக்கும்போது இந்தச் சம்பவத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே யாரும் கொல்லப்படவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை. கொலையும் பயங்கரமும் குறுக்கே வந்து கண்ணை மறைக்காததால், இயந்திரத்தின் பற்சக்கரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. காகிதம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதுவரை பதிவாகியிருக்கிறது.

நோயா, குணமா?

வில்ஹெல்முக்கு நார்சிசக் கோளாறு, அதாவது சுயமோகம் நோயாக முற்றிய நிலை, இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரில் ஒரு கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். இப்போதைய பதிப்பில் ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அவை வாழ்க்கை முழுக்கப் பரவியிருக்க வேண்டும், பாதிப்பையும் உண்டாக்கியிருக்க வேண்டும். எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்க்காமல் இதை உறுதிசெய்ய முடியாது.

எட்டத்திலிருந்து தீர்ப்பு எழுதுவதன் விபரீதத்துக்கு 1964 அமெரிக்கத் தேர்தல் பேர்போன சாட்சி. ஃபேக்ட் என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் ஜனாதிபதி பதவிக்கு மனத்தகுதி உள்ளவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் போட்டார்கள். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். அவர்களில் யாரும் அவரைப் பரிசோதித்ததில்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 75,000 டாலர் தண்டத்தொகை விதிக்கப்பட்டது. 1973இல் மனநல மருத்துவர் சங்கம் இந்த வழக்கத்துக்கே தடை போட்டது. கோல்ட்வாட்டர் விதி என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான்.

வில்ஹெல்ம் விஷயத்தில் இந்த விளையாட்டு அதற்கும் முன்பே நடந்துவிட்டது. 1894இல் லூட்விக் க்விட்டே என்ற வரலாற்றறிஞர் ரோமப் பேரரசன் கலிகுலாவைப் பற்றிச் சின்னஞ்சிறு ஆய்வு ஒன்றை வெளியிட்டார். சிறுவயதில் அரியணை ஏறியவன், அனுபவசாலியான அமைச்சரைத் துரத்தியவன், ஓயாமல் மேடைப்பேச்சில் மூழ்கியவன், கடல்மீது பித்துப் பிடித்தவன் என்று எல்லாம் ரோமானிய மூலங்களிலிருந்து. வில்ஹெல்மின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. படித்தவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. 30 பதிப்புகளுக்கு மேல் ஓடியது. அரசு வழக்குரைஞருக்குத் தர்மசங்கடம்: வழக்குப் போட்டால், கலிகுலாவைப் படித்ததும் எனக்கு நம் பேரரசர் ஞாபகம் வந்தது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 1896இல் வேறொரு பேச்சைச் சாக்காக வைத்து க்விட்டேயை மூன்று மாதம் உள்ளே தள்ளினார்கள். அதே மனிதர் 1927இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே இங்கே நோய்ப்பெயர் சூட்டும் வேலை இல்லை. குணக்கூறுகள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். பாராட்டுக்கான தீராத பசி, எல்லாவற்றையும் தன்னைப் பற்றியதாகவே எடுத்துக்கொள்வது, தன் அறிவைப் பற்றிய மிகை மதிப்பு, விமர்சனம் பட்டால் சீறுவது அல்லது சுருண்டுவிடுவது. இவை எல்லா மனிதரிடமும் கொஞ்சம் உண்டு. கொஞ்சம்கூட இல்லாதவர் தேர்தலில் நிற்கவே மாட்டார்.

ஆள்

1859 ஜனவரி 27 அன்று பெர்லினில் பிறந்தார். தலை மேலே இருந்த பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது. அதில் இடது தோளின் நரம்புகள் சேதமாகி அந்தக் கை கடைசிவரை குட்டையாக, பலமில்லாமல் போனது. அடுத்த பல ஆண்டுகள் மருத்துவர்கள் அந்தக் குழந்தையைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. அப்போதுதான் வெட்டிய முயலின் உடலுக்குள் கையைத் திணித்து வைத்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், கழுத்தை நிமிர்த்த இரும்புச் சட்டம் பூட்டினார்கள். ஒற்றைக் கையால் சமநிலை கிடைக்காத சிறுவனைக் குதிரையில் ஏற்றி, விழ விழ மறுபடி ஏற்றிப் பழக்கினார் ஆசிரியர் ஹின்ஸ்பீட்டர். பிரஷ்ய இளவரசன் குதிரையேறத் தெரியாமல் இருக்க முடியாதே.

ஊனமான கையே அவர் குணத்தை வளைத்தது என்று 1920களில் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் எமில் லூட்விக் எழுதினார். ஃபிராய்டு அதை ஏற்கவில்லை. கை காரணமல்ல, ஊனமான பிள்ளையிடமிருந்து தாய் தன் அன்பை விலக்கிக்கொண்டதே காரணம் என்றார். இரண்டுமே அழகாகப் பொருந்துகிற கதைகள். அழகாகப் பொருந்துவதாலேயே எனக்குச் சந்தேகம். பிறப்பின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்ற மூன்றாவது கதையும் உண்டு. குழந்தைப்பருவக் காரணத்தைத் தோண்டுவது நம் கேள்விக்கு அவ்வளவாக உதவாது. நமக்கு வேண்டியது, 29 வயதில் அரியணைக்கு வந்தபோது அவர் எப்படி இருந்தார் என்பதுதான்.

1888இல் மூன்றே மாத இடைவெளியில் பாட்டனாரும் தந்தையும் இறக்க, பேரரசரானார். தந்தை கண்ணை மூடிய அன்றே படையை அனுப்பி அரண்மனையைச் சுற்றி வளைத்துக் காகிதங்களைத் தேடவைத்தார். 1890 மார்ச்சில், ஜெர்மனியை ஒன்றாக்கிய சான்சலர் (அரசின் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். சீருடைகள் மீது தணியாத மோகம். பாட்டி அவருக்குப் பிரிட்டிஷ் கடற்படையின் கௌரவ அட்மிரல் பட்டம் கொடுத்தபோது, நெல்சன் அணிந்த அதே உடையை நானும் அணிவதை நினைத்தால் தலை சுற்றுகிறது என்று தூதரிடம் பூரித்தார். ஆண்டின் பெரும்பகுதி பயணம். பெர்லினில் தன் முன்னோர்களுக்குச் சிலை வரிசை ஒன்றை எழுப்பி, 1901இல் அதையொட்டி நடந்த விருந்தில், நான் வகுக்கும் விதிகளையும் எல்லைகளையும் மீறும் கலை கலையே அல்ல என்று அறிவித்தார். தூதரக அறிக்கைகளின் ஓரங்களில் 'மடையன்', 'பொய்' என்கிற ரகத்தில் பென்சிலால் கிறுக்குவார்.

மறுபக்கமும் உண்டு. நேரில் பார்த்தவர்கள் பலர் சொக்கிப்போனார்கள். ஞாபகசக்தி, சட்டென்று விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும் புத்தி, சிரிக்கவைக்கும் பேச்சு எல்லாம் இருந்தன. கேட்பவர் முகம் மலர்ந்தால் இவருக்கு வேகம் பிடிக்கும். வேகம் பிடித்தால் வாய் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. 1900 ஜூலையில் சீனாவுக்குக் கிளம்பிய துருப்புகளிடம், அட்டிலாவின் ஹூணர்களைப் போல் பெயரெடுங்கள், கைதிகளாக யாரையும் பிடிக்காதீர்கள் என்று முழங்கினார். அமைச்சர்கள் அச்சில் வராமல் அமுக்கப் பார்த்தார்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் முழுசாகக் குறிப்பெடுத்துவிட்டார். 'ஹூணர்' என்ற வசைச்சொல்லை எதிரிகளின் கையில் எடுத்துக் கொடுத்தது அவர் வாய்தான்.

ஒரு கடிதம்

இந்த ஆய்வுக்கு மையமான ஆவணம் 1897இல் எழுதப்பட்டது. எழுதியவர் ஃபிலிப் ஆய்லன்பர்க், கைசரின் நெருங்கிய நண்பர். பெற்றவர் பெர்னார்ட் வான் ப்யூலோவ், வெளியுறவுச் செயலராகப் பதவியேற்கப் போகிறவர். புது வேலையில் சேர்பவருக்கு அனுபவஸ்தர் காதைக் கடிப்பது போன்ற கடிதம். அதன் சாரம்: மாமன்னர் எல்லாவற்றையும் தன்னைப் பற்றியதாகவே எடுத்துக்கொள்வார். தனிப்பட்ட விதமாகச் சொல்லும் வாதங்கள் மட்டுமே அவரிடம் எடுபடும். பிறருக்குப் பாடம் சொல்லப் பிடிக்கும், தனக்குச் சொன்னால் பிடிக்காது. சலிப்பைத் தாங்கமாட்டார். மெதுவான, விறைப்பான, ரொம்பவும் அடிப்படையைத் தோண்டுகிற ஆட்கள் அவருக்கு ஒத்துவராது. ஜொலிக்க ஆசைப்படுவார், எல்லாவற்றையும் தானே செய்ய, தானே முடிவெடுக்க விரும்புவார். அவ்வப்போது பாராட்டு வேண்டும். முக்கியமானவர்களிடமிருந்து அங்கீகாரம் வராவிட்டால் முகம் தூக்கிக்கொள்வார். தகுதியான நேரத்தில் பாராட்டத் தவறாதே, நீ கேட்டது கிடைக்கும். சமர்த்தான நல்ல குழந்தையைப் போல் நன்றியோடு இருப்பார்.

மருத்துவர் எழுதியிருந்தால் இதை மனநலக் குறிப்பு என்போம். எழுதியவர் அரசியல்வாதி, எனவே இது பயன்படுத்தும் முறை. இந்தக் கடிதத்தில் வெறுப்பு இல்லை, பாசம்தான் வழிகிறது. ஆனால் இந்த மனிதரைத் திருத்தலாமா, தடுத்து நிறுத்தலாமா என்ற கேள்வி ஒரு வரியில்கூட எழவில்லை. அவர் இப்படித்தான், அதை வைத்து நாம் எப்படிப் பிழைப்பது என்பதே பொருள். ப்யூலோவ் சொன்னதைச் சொன்னபடி செய்தார். மேலாடைக்கு எந்த நிறத்தில் கால்சட்டை அணிந்தால் மன்னருக்குப் பிடிக்கும் என்பதுவரை அவர் கவனித்து நடந்ததாக அரசவையில் பேச்சு. 1900இல் சான்சலர் ஆனார். 'சூரிய ஒளியில் நமக்கும் ஓர் இடம்' என்று கைசரின் வாக்காகப் பலரும் சொல்லித் திரிகிற வாசகம் உண்மையில் 1897 டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாகில் ப்யூலோவ் பேசியது. எஜமானின் கனவை அவரைவிட நேர்த்தியாகச் சொல்லத் தெரிந்தவர்.

காகிதம் போன வழி

1908 செப்டம்பர் கடைசியில் கர்னல் கட்டுரை வரைவைக் கைசருக்கு அனுப்பிவைத்தார். கைசருக்குப் பிடித்திருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் தானாக அதை அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. அரசியல் சட்ட ஒழுங்குப்படி சான்சலரின் பார்வைக்கு அனுப்பினார். வாழ்நாளெல்லாம் முந்திரிக்கொட்டையாக இருந்தவர் இந்த ஒரு முறை விதிப்படி நடந்தார்.

ப்யூலோவ் அப்போது நோர்டெர்னை தீவில் விடுமுறையில் இருந்தார். கட்டு வந்தது. படிக்கவில்லை என்பது அவர் வாக்குமூலம். கையெழுத்து மோசம், தாள் மெலிசு, வேலைப்பளு என்று பிற்பாடு சமாதானம் சொன்னார். பெர்லினில் உள்ள வெளியுறவு அலுவலகத்துக்கு, கவனமாகப் பார்க்கவும் என்று குறிப்போடு தள்ளிவிட்டார். வெளியுறவுச் செயலர் ஷோன் அங்கே இல்லை, அவரும் விடுப்பு. துணைச் செயலர் கைக்குப் போனது. அவர் கீழே அனுப்பினார். கடைசியில் க்ளேமெட் என்ற அதிகாரியின் மேசைக்கு வந்தது. அவர் படித்தார், உண்மையாகவே படித்தார். ஆனால் பேரரசர் வெளியிட விரும்புகிறார், சான்சலர் கையிலிருந்து வந்திருக்கிறது. இதை வெளியிடலாமா என்று கேட்க நான் யார்? தகவல் பிழைகளைத் திருத்துவதே தனக்கிட்ட பணி என்று எடுத்துக்கொண்டார். சில சின்னத் திருத்தங்கள் செய்தார். வந்த வழியே காகிதம் திரும்பியது. ப்யூலோவ் மறுபடியும் படிக்கவில்லை என்கிறார். கைசருக்கு, பிறகு கர்னலுக்கு, பிறகு அச்சுக்கு.

ப்யூலோவ் நிஜமாகவே படிக்கவில்லையா, படித்துவிட்டு வேண்டுமென்றே விட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அதுவே அவரை அதிகம் குற்றவாளியாக்குகிறது. பதினொரு ஆண்டுகள் கைசரின் வாயை அருகிலிருந்து பார்த்த மனிதர், அந்த வாயிலிருந்து வந்த ஆங்கிலப் பேட்டியைப் படிக்காமல் விட்டார் என்றால், படிப்பதால் என்ன பயன் என்ற இடத்துக்கு அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறை கண்டுபிடித்தால் மன்னரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முகம் வாடும். பதினொரு ஆண்டு சேர்த்துவைத்த செல்வாக்கு அதில் கரையும். க்ளேமெட்டுக்கும் அதே கணக்கு, இன்னும் தாழ்ந்த படியில். இவர்கள் யாரும் சுயமோகிகள் அல்லர். சுயமோகி ஒருவரின் கீழே புத்திசாலித்தனமாகப் பிழைத்தவர்கள்.

இடி விழுந்தபின்

நவம்பர் 10, 11 தேதிகளில் ரைக்ஸ்டாகில் விவாதம் நடந்தது. சோசலிஸ்டுகள் திட்டியதில் ஆச்சரியம் இல்லை. மன்னராட்சியின் தூண்களான கன்சர்வேடிவ்களே அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார்கள். ப்யூலோவ் எழுந்து, இனிமேல் தனிப்பேச்சிலும் மாமன்னர் நிதானம் காப்பார் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் நானோ எனக்குப் பின் வருபவரோ பொறுப்பேற்க முடியாது என்றார். தன் அலுவலகத்தின் தவறை ஒப்புக்கொண்டார்தான், ஆனால் அவை கலையும்போது குற்றவாளிக் கூண்டில் தனியாக நின்றவர் கைசர்.

அந்தச் சமயத்தில் கைசர் எங்கே? வேட்டையில். முதலில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டோடு, பிறகு டோனாவ்எஷிங்கனில் நண்பரான ஃபியூர்ஸ்டன்பர்க் பிரபுவின் மாளிகையில். நாடு பற்றியெரிகையில் அங்கே கேளிக்கை. நவம்பர் 14 இரவு, கைசரைச் சிரிக்கவைக்க, ராணுவச் செயலகத்தின் தலைவர் ஹியூல்சன்-ஹேஸ்லர் பாலே நடனக்காரியின் பாவாடை அணிந்து ஆடினார். ஆடி முடித்த கையோடு மாரடைப்பில் விழுந்து செத்தார். பேரரசின் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த தளபதி, 56 வயதுக்காரர், எஜமானின் சிரிப்புக்காகப் பாவாடை கட்டி ஆடிவிட்டு இறந்தார். ஆய்லன்பர்க் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கவுரை கிடைக்காது.

நவம்பர் 17 அன்று ப்யூலோவ் நீட்டிய அறிக்கைக்குக் கைசர் ஒப்புதல் தந்தார். அதன்பின் நொறுங்கிப்போனார். அழுதார், படுக்கையில் விழுந்தார், முடி துறக்கப்போவதாகச் சொன்னார். சில நாள் மூத்த மகன் அலுவல்களைக் கவனித்தார். பீற்றிக்கொள்ளும் முகத்துக்குப் பின்னால் எளிதில் காயப்படும் இன்னொரு முகம் உண்டு என்று உளவியலார் இன்று பிரித்துச் சொல்வதை, அன்றைய அரசவையினர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

தேறியபோது அவர் கற்றிருந்த பாடம், நான் கண்டதைப் பேசிவிட்டேன் என்பதல்ல. ப்யூலோவ் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்பது. பாதி உண்மை என்பதால் அதை அசைக்கவும் முடியவில்லை. 1909 ஜூலையில், வரி மசோதா தோற்றதைக் காரணமாக வைத்து ப்யூலோவ் போனார். புகழ்ந்தே ஏறியவர், புகழ் வற்றியதும் இறங்கினார். பேச்சுகளைப் பொறுத்தவரை கைசர் கொஞ்சம் அடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ரைக்ஸ்டாகுக்குச் சான்சலரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் தர வேண்டும் என்று எழுந்த குரல் அப்படியே அமுங்கிப்போனது.

கோளாறு ஆளின் குணத்தில் இல்லை, ஆட்சி அமைப்பில்தான் என்ற மாற்று விளக்கத்தின் பலம் அதுதான். 1871 அரசியல் சட்டப்படி சான்சலரை நியமிப்பவரும் நீக்குபவரும் பேரரசர். வெளியுறவும் படையும் அவர் கையில். இப்படி ஒரு நாற்காலியில் யாரை உட்காரவைத்தாலும் சுற்றி ஜால்ரா சத்தம் கேட்கத்தானே செய்யும்? ஒத்துக்கொள்கிறேன். வில்ஹெல்மின் பாட்டனாரும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வேன். பிஸ்மார்க்கின் கீழ் பேரரசராக இருப்பது கடினம் என்று அலுத்துக்கொண்டே, தன்னைவிடக் கெட்டிக்காரரை, பிரஷ்ய மன்னராக மட்டும் இருந்த காலத்தையும் சேர்த்து, இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்தில் வைத்திருந்தார் அவர். நாற்காலி அதேதான், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பும் என்பது மாறியது.

மோல்ட்கே சொன்னது

வேறு வழியே இல்லை, மன்னர் அப்படிப்பட்டவர் என்ற சாக்கை உடைக்கும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் ராணுவப் பயிற்சிப் போர்களில் கைசர் தானே ஒரு தரப்புக்குத் தலைமை ஏற்பார். குதிரைப்படையை நாலுகால் பாய்ச்சலில் விரட்டுவார். அவர் தரப்பே ஜெயிக்கும். தளபதி ஷ்லீஃபன் இதை வருடக்கணக்கில் சகித்துக்கொண்டார், ஏற்பாடும் செய்தார். அடுத்து தலைமைத் தளபதியாக வரவிருந்த இளைய மோல்ட்கே, 1905இல் கைசரிடம் தனியாகப் பேசினார். நீங்கள் கலந்துகொள்வதால் இந்தப் பயிற்சிக்கு மதிப்பே இல்லாமல் போகிறது, அதிகாரிகள் இதை நம்புவதில்லை, நீங்கள் விலகினால்தான் நான் பொறுப்பேற்பேன் என்றார்.

கைசர் விலகினார். அந்த ஆண்டிலிருந்தே தலையிடுவதை விட்டார். மோல்ட்கே 1906 தொடக்கத்தில் பதவியேற்றார். கூட்டத்தில் அவமானப்படுத்தாமல், தனியாக, மரியாதையோடு, ஆனால் பதவியையே பணயம் வைத்துச் சொன்னபோது அந்த மனிதர் கேட்டார். எப்போதும் கேட்டிருப்பார் என்று வாதிட மாட்டேன். முயற்சி செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதுதான் உறுத்துகிறது.

முடியில்லாத நாடுகளில்

பரம்பரை மன்னரை வைத்துத் தேர்தல் அரசியலைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்று கேட்கலாம். கொஞ்சம் பேசலாம். 2013இல் வெளியான ஆய்வொன்றில், 42 அமெரிக்க ஜனாதிபதிகளின் குணங்களை அவர்களை ஆராய்ந்த வல்லுநர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். பகட்டுச் சுயமோகத்தில் முதலிடம் லிண்டன் ஜான்சனுக்கு. இந்தக் குணம் கூடியவர்கள் மக்களைக் கவர்வதிலும் நெருக்கடியைச் சமாளிப்பதிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். பதவிநீக்கத் தீர்மானங்களும் நெறிபிறழ்ந்த நடத்தையும் அவர்கள் பக்கமே கூடுதலாக இருந்தன. சிவில் உரிமைச் சட்டமும் வியட்நாமும் ஒரே ஆளின் கணக்கில் இருப்பது தற்செயல் இல்லை போலும். தலைமைப் பதவிக்கு யார் மேலே வருகிறார்கள் என்பதற்கும் சுயமோகத்துக்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் வந்தபின் நன்றாக நடத்துகிறார்களா என்பதற்குத் தொடர்பு தெரியவில்லை என்று 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பதவியே ஆளை இப்படி ஆக்கிவிடுகிறது என்ற கட்சியும் உண்டு. பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சரும் மருத்துவருமான டேவிட் ஓவன், அதிகாரத்தில் நெடுங்காலம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் இறுமாப்பு ஒன்றை 2009இல் விவரித்தார். பதவி போனால் அதுவும் இறங்கிவிடும் என்பது அவர் கருத்து. வில்ஹெல்ம் அந்த வகையில் அடங்கமாட்டார். 1918 நவம்பரில் முடி போனது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்து 1941இல் சாகும்வரை, நடந்தது எதிலும் தன் தவறென்று ஒன்றையும் அவர் காணவில்லை. யூதர்கள், ஃப்ரீமேசன்கள், இங்கிலாந்து என்று பட்டியல் நீண்டது.

1914 ஜூலை 28

கையாளும் கலையின் முழு விலை ஆறு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சரயேவோவில் கொல்லப்பட்டபின், ஜூலை 5 அன்று ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தவர் கைசர்தான். அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து யாரும் கழற்றிவிட முடியாது. மறுநாள் வழக்கமான நார்வே கப்பல் பயணத்துக்குக் கிளம்பினார். போகட்டும், வழக்கம் மாறினால் வெளியே சந்தேகம் வரும், உள்ளே இருந்தால் இவர் எதையாவது சொல்லிவைப்பார் என்று சான்சலர் பெத்மான் ஹோல்வெக்கும் வெளியுறவு அலுவலகத்தாரும் நிம்மதியாக இருந்தார்கள். செய்தி அவருக்கு அளந்து அளந்தே போனது.

27ஆம் தேதி திரும்பினார். 28 காலையில்தான், ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கைக்குச் செர்பியா தந்த பதிலைப் படித்தார். படித்ததும் ஓரத்தில் எழுதினார்: வியன்னாவுக்கு மாபெரும் தார்மீக வெற்றி, இனிப் போருக்கான காரணம் எதுவுமே மிச்சமில்லை. ஆஸ்திரியா செர்பியத் தலைநகர் பெல்கிரேடோடு நின்றுகொண்டு பேச்சுவார்த்தைக்கு வரட்டும் என்று வெளியுறவுச் செயலருக்கு உடனே எழுதி அனுப்பினார். அந்த ஒரு காலைப்பொழுதில், மேசையைச் சுற்றியிருந்த நிதானஸ்தர்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தவர் அவர்.

பெத்மான் அந்த யோசனையை அன்று இரவு வரை வியன்னாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியபோதும் நீர்த்துப்போகச் செய்து, நீங்கள் போரைத் தடுத்து நிறுத்த விரும்புகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு அனுப்பினார். ஆஸ்திரியா அதற்குள், அன்று முற்பகலிலேயே, போர்ப் பிரகடனம் செய்திருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக மன்னரின் பேச்சை வடிகட்டி, தாமதித்து, மழுப்பிப் பழகிய அலுவலகம் அது. எந்தப் பேச்சை வடிகட்ட வேண்டும், எதை உடனே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. அவரும் அதற்குக் காரணம் தருகிறவர்தான்: இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி, அதே பென்சிலால், இங்கிலாந்து நம்மைச் சுற்றிவளைத்துவிட்டது என்று பக்கம் பக்கமாகச் சீறி எழுதினார்.